பள்ளிக்கூடத்துக்குள் வந்த டிஜிட்டல் கல்விச் சந்தை: பெற்றோரும் நிர்வாகிகளும் அறிய வேண்டியவை

பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் நம் குடும்பங்கள் கணக்குப் பார்ப்பதில்லை. வாப்பா வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதிப்பார். உம்மா வீட்டுச் செலவைச் சுருக்குவார். அப்படிச் சேரும் பணத்தில் ஒரு பகுதி இன்று ஸ்மார்ட் வகுப்புக் கட்டணமாகவும், டேப் விலையாகவும், ஆப் சந்தாவாகவும், ஆன்லைன் கோச்சிங் தவணையாகவும் வெளியே போகிறது. இவற்றில் சில உண்மையிலேயே பயன் தருகின்றன. பல பயன் தருவதில்லை. சில, வட்டிக் கடன் என்று தெரியாமலேயே நம்மைக் கையெழுத்துப் போட வைக்கின்றன.

இந்தச் சந்தை எப்படி வளர்ந்தது, யார் யாருக்கு விற்கிறார்கள், பணம் எந்த வழியாகப் போகிறது, ஏமாந்தால் எங்கே முறையிடுவது என்பவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். நமது ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஏராளமான பள்ளிக்கூடங்களை நடத்துவதால், நிர்வாகிகளுக்கான செய்திகளையும் சேர்த்திருக்கிறோம்.

மூன்று வகை வாடிக்கையாளர்கள்

டிஜிட்டல் கல்விப் பொருட்களை விற்கும் நிறுவனங்களுக்கு மூன்று வகை வாடிக்கையாளர்கள் உண்டு. முதலாவது, பள்ளிக்கூட நிர்வாகம். ஸ்மார்ட் போர்டு, புரொஜக்டர், பாடக் காணொலிகள், வருகைப்பதிவு மென்பொருள், பெற்றோருக்கான ஆப் ஆகியவை இவ்வழியில் விற்கப்படுகின்றன. இரண்டாவது, பெற்றோர். இவர்களிடம் பாடத் தொகுப்பும் டேபும் நேரடியாக விற்கப்படுகின்றன. மூன்றாவது, அரசு. இங்கே டெண்டர் வழியாக லட்சக்கணக்கில் கொள்முதல் நடக்கிறது.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. பொருளைத் தேர்வு செய்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர், பயன்படுத்துபவர் மூன்றாமவர். கறி வாங்கப் போனால் நாமே பார்த்து வாங்கி நாமே சாப்பிடுகிறோம். மோசமாக இருந்தால் அடுத்த வாரம் கடையை மாற்றிக்கொள்கிறோம். இங்கே பயன்படுத்தும் பிள்ளைக்குப் பொருளை மதிப்பிடத் தெரியாது. பணம் கட்டும் பெற்றோருக்கு அதன் பலன் தெரிய ஓராண்டு ஆகும். இந்த இடைவெளியில்தான் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எஜுகாம்ப் முதல் பைஜூஸ் வரை

இந்தியப் பள்ளிக்கூடங்களில் ஸ்மார்ட் வகுப்பைப் பரவலாக விற்ற முதல் பெரிய நிறுவனம் எஜுகாம்ப். 1994ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2006ல் பங்குச் சந்தைக்கு வந்தது. வகுப்பறையில் கருவிகளைப் பொருத்திக் கொடுப்பார்கள். அதற்காகப் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கூடம் கட்டிவரும். அந்தத் தொகை மாணவர் கட்டணத்தில் ஏறும். கருவிகளுக்கான முதலீடு கடனாக வந்தது. பள்ளிக்கூடங்களிடமிருந்து பணம் ஒழுங்காக வராதபோது கடன் கழுத்தை நெரித்தது. 2017ல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது.

அடுத்த அலை பெற்றோரை நேரடியாக நோக்கி வந்தது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த பைஜு ரவீந்திரன் 2011ல் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015ல் பைஜூஸ் ஆப் வெளிவந்தது. 2019ல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் ஏறியது. கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது வெளிநாட்டு முதலீடு வெள்ளமாக வந்தது. 2020ல் சிறுவர்களுக்குக் கோடிங் கற்றுத்தரும் ஒயிட்ஹேட் ஜூனியரை 30 கோடி டாலருக்கும், 2021ல் ஆகாஷ் கோச்சிங் நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கும் வாங்கியது. 2022ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கும் அது ஆதரவாளராக இருந்தது.

அதே 2022ல் தாமதமாக வெளியான 2020-21 கணக்கில் 4,500 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் தெரியவந்தது. பெற்றோரை வற்புறுத்திப் பாடங்களை விற்பதாக எழுந்த புகார்கள் குறித்து விளக்கம் கேட்டு, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனத் தலைவரை அழைத்தது. 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய் தொடர்பான மனுவின்பேரில் பெங்களூருவிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையை அனுமதித்தது. இடையில் ஏற்பட்ட சமரசத்தை ஏற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தந்த ஆணையையும் உச்ச நீதிமன்றம் அக்டோபரில் ரத்து செய்தது.

இந்த இரண்டு வரலாறுகளிலும் நமக்கொரு பாடம் உண்டு. மூன்று ஆண்டுக்கான கட்டணத்தை இன்றே கட்டும்போது, அந்த நிறுவனம் மூன்று ஆண்டுகள் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். விளம்பரத்தில் வரும் நட்சத்திர முகம் அந்த நம்பிக்கைக்கு ஜாமீன் ஆகாது.

‘வட்டியில்லாத் தவணை’ என்பது என்ன?

இதுதான் நம் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. விற்பனையாளர் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியே கிடையாது’ என்பார். உண்மையில் நடப்பது வேறு.

உதாரணத்துக்கு, பாடத் தொகுப்பின் விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதம், மாதம் 2,500. கூட்டினால் 30,000தான் வருகிறது, எங்கே வட்டி என்று தோன்றும். ஆனால் நாம் கையெழுத்திடும் ஒப்பந்தம் கல்வி நிறுவனத்தோடு அல்ல, ஒரு நிதி நிறுவனத்தோடு. அந்த நிதி நிறுவனம் 27,000 ரூபாயைக் கல்வி நிறுவனத்துக்கு உடனே கொடுத்துவிட்டு, நம்மிடம் ஓராண்டில் 30,000 வசூலித்துக்கொள்கிறது. நடுவிலுள்ள 3,000 ரூபாய்தான் வட்டி. கல்வி நிறுவனம் அதைத் தன் விலையிலேயே முன்கூட்டி ஏற்றி வைத்திருக்கும். ரொக்கமாகக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் உடனே விலை குறையும். கிரெடிட் கார்டு தவணைகளைப் பற்றி 2013 செப்டம்பரில் விடுத்த சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது, வட்டி வேறு கட்டணமாக மறைக்கப்படுகிறது என்ற பொருளில் எச்சரித்திருக்கிறது.

இதன் விளைவு இரண்டு. ஒன்று, மார்க்கம் சார்ந்தது. பெயர் எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத் தாளில் அது வட்டிக் கடன். தவணை தவறினால் அபராத வட்டியும் அதில் எழுதியிருக்கும். விற்பவரே ஒரே விலையை நிர்ணயித்து, நடுவில் கடன்காரர் இல்லாமல், தவணையாக வாங்கிக்கொள்வது வேறு. ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், விலை முதலிலேயே முடிவாகிவிட்டால் அந்த வியாபாரத்தைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். இரண்டில் எது என்பதை விற்பனையாளரின் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்யாமல், தாளை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது. படிக்காமல் திரையில் விரலை அழுத்துவது அந்தப் போதனைக்கு நேர் எதிரானது.

இரண்டாவது விளைவு உலகியல் சார்ந்தது. பிள்ளைக்குப் பாடம் பிடிக்காமல் இரண்டாம் மாதமே நிறுத்தினாலும் கடன் நிற்காது. கல்வி நிறுவனம் மூடப்பட்டாலும் நிதி நிறுவனம் தவணையைக் கேட்கும். கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் குறையும். நாளை வேறு எந்த நிதித் தேவைக்கும் வங்கியை அணுகும்போது அது குறுக்கே நிற்கும்.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022 செப்டம்பரில் வந்தன. அவற்றின்படி, கடன் தருமுன் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசமும் தர வேண்டும். அது எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். அந்தத் தாளைத் தராமல் ‘ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்’ என்று ஒருவர் அவசரப்படுத்தினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு கூடுகிறதா?

கருவி வந்தால் அறிவு வளரும் என்பதற்கு ஆதாரம் குறைவு. பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தை ஆய்வு செய்து 2012ல் வெளியிட்டபோது, கணக்கிலோ மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் தென்படவில்லை. யுனெஸ்கோ 2023ல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதமே முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தியிருந்ததாகக் குறிப்பிடுகிறது. பள்ளிக்கூடங்களைத் திரைக்கு வேகமாக மாற்றிய ஸ்வீடன், 2023 முதல் அச்சுப் புத்தகங்களுக்கு மீண்டும் பணம் ஒதுக்குகிறது.

பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளிக்கூட நேரத்துக்குப் பின் நடந்த வகுப்புகளை முரளிதரன், சிங், கனிமியன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 2019ல் வெளியானது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு வராது என்றால், மென்பொருள் அங்கிருந்தே தொடங்கியது. கூடவே ஒரு பயிற்றுநரும் இருந்தார். இதற்கு முன் குஜராத்தில் நடந்த வேறோர் ஆய்வில், கணினிப் பாடம் ஆசிரியரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டபோது படிப்பு பின்னடைந்தது. பள்ளிக்கூட நேரத்துக்கு வெளியே கூடுதலாகச் சேர்ந்தபோது பயன் தந்தது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை அங்குல ஸ்மார்ட் போர்டு?’ என்பதல்ல. பின்தங்கிய பிள்ளையை அது கண்டுபிடிக்கிறதா, ஆசிரியருக்குத் துணை நிற்கிறதா, நம் பாடத்திட்டத்தில் இருக்கிறதா, தமிழ்வழிப் பிள்ளைக்குப் புரியுமா என்பவையே கேள்விகள்.

இலவசமாகக் கிடைப்பவை

பணம் கட்டுமுன் இலவசமாக என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திக்‌ஷா தளத்தில் பாடநூலை ஒட்டிய காணொலிகளும் பயிற்சிகளும் உள்ளன. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்படும் க்யூ.ஆர். குறியீட்டைச் செல்பேசியில் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய காணொலி திறக்கும். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் கல்வித் தொலைக்காட்சி 2019லிருந்து ஒளிபரப்பாகிறது. மணற்கேணி செயலி 2023ல் வந்தது. நீட், ஜே.இ.இ. எழுதும் பிள்ளைகளுக்காக ஐ.ஐ.டி. கான்பூர் நடத்தும் சாத்தி தளமும் இலவசமே. தனியார் ஆன்லைன் கோச்சிங்குக்கோ 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு கட்ட வேண்டும்.

அண்டை மாநிலங்களையும் பார்ப்போம். ஆந்திர அரசு 2022ல் பைஜூஸுடன் ஒப்பந்தம் செய்து, அதன் பாடங்கள் ஏற்றப்பட்ட சுமார் 5 லட்சம் டேப்களை எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுத்தது. பாடம் இலவசம், டேப் அரசுச் செலவு. ஆனால் பாடத்தின் எதிர்காலம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. கேரளம் 2001லேயே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் கைட் என்ற அரசு நிறுவனமானது. 4,752 பள்ளிக்கூடங்களில் 45,000 வகுப்பறைகளை அது ஹைடெக் வகுப்பறைகளாக மாற்றியது. கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவதால் உரிமக் கட்டணம் இல்லை. ஆசிரியர்களுக்கும் தொடர்ந்து பயிற்சி தரப்படுகிறது. நமது அறக்கட்டளைப் பள்ளிக்கூடங்கள் பின்பற்றத் தக்கது இந்த இரண்டாவது வழியே.

வீட்டில் ஒரே போன் இருந்தால்

2023ஆம் ஆண்டின் அசர் ஆய்வு, 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றியது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், ஆண் பிள்ளைகளில் 43.7 சதவீதத்தினரிடம் சொந்த போன் இருந்தது. பெண் பிள்ளைகளில் 19.8 சதவீதத்தினரிடமே இருந்தது. பாடம் போனுக்குள் போகப் போக, போன் கிடைக்காத பெண் பிள்ளையின் படிப்பு சத்தமில்லாமல் நின்றுபோகும். பெண் பிள்ளைக்குப் போன் கொடுக்கத் தயங்கும் வீடுகள் அதற்கு மாற்று வழி செய்து தர வேண்டும். ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பழைய கணினியை வைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் சம நேரம் ஒதுக்கினாலே போதும். மஹல்லா நூலகத்தில் நான்கு கணினிகளை வைத்து, பெண்களுக்குத் தனி நேரம் கொடுப்பது ஜமாஅத்தால் செய்யக்கூடிய காரியம்.

பிள்ளையின் விவரங்கள்

இலவச ஆப் என்றால் விலையே இல்லை என்று பொருளல்ல. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022ல் 49 நாடுகளின் 163 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவீதம், பிள்ளைகளின் நடவடிக்கைகளைக் கண்காணித்தன அல்லது கண்காணிக்கும் வசதி கொண்டிருந்தன. அரசுத் தளங்களும் இதற்கு விலக்கல்ல. நாம் மேலே சொன்ன திக்‌ஷாவும் அந்த ஆய்வில் விமர்சிக்கப்பட்டது.

2023ல் இயற்றப்பட்ட தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாகவே நடைமுறைக்கு வரும். அதுவரை நம் கண்ணே காவல். கணக்குப் பாடம் கற்றுத்தரும் ஆப்புக்கு நம் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு வெளியிட்ட எச்சரிக்கையையும் மேற்சொன்னவற்றையும் சேர்த்துச் சுருக்கித் தருகிறோம்:

1. முதல் சந்திப்பிலேயே கையெழுத்திடாதீர்கள். ‘சலுகை இன்றோடு முடிகிறது’ என்பது விற்பனைத் தந்திரம்.
2. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோ டெபிட் அனுமதியைத் தராதீர்கள்.
3. ஒப்பந்தத்தில் கடன் தருபவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் கேளுங்கள்.
4. பில் வாங்குங்கள். விற்பனையாளரின் வாட்ஸ்அப் வாக்குறுதிகளை அழிக்காமல் வையுங்கள்.
5. வெற்றிக் கதைகளை அப்படியே நம்பாதீர்கள். 2024 நவம்பரில் வந்த கோச்சிங் விளம்பர வழிகாட்டுதல்படி, தேர்ச்சி பெற்ற மாணவர் எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றி உறுதி என்று வாக்களிக்கக் கூடாது.
6. பிள்ளையை ஒரு வாரம் இலவசமாகப் பயன்படுத்தச் சொல்லுங்கள். எட்டாம் நாளும் தானாகத் திறந்து படிக்கிறதா என்று பாருங்கள்.

நிர்வாகிகள் கவனத்துக்கு

பல ஆண்டு ஒப்பந்தம் போடுமுன் இரண்டு வகுப்பறைகளில் ஒரு பருவம் சோதித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் கருவி யாருக்குச் சொந்தம், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள், நடுவில் விலகினால் என்ன இழப்பு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். மின்சாரத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஆகும் செலவையும் கணக்கில் சேருங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டணக் குழு நிர்ணயிக்கும் தொகைக்கு மேல் வசூலிக்க முடியாது. ‘ஸ்மார்ட் வகுப்புக் கட்டணம்’ என்று பெயர் வைத்தாலும் அதற்கு மேல் வாங்கினால் அது கூடுதல் வசூல்தான். சமுதாயத்தின் பெயரில் நடக்கும் பள்ளிக்கூடம் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

முறையிடும் வழிகள்

கல்வி நிறுவனம் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் பெங்களூருவிலோ டெல்லியிலோ இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கடன் தொடர்பான புகார் என்றால் முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் தாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அதற்கான உதவி எண் 14448.

பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடுவது நன்மையான காரியம். அந்தச் செலவு வட்டியில் கலக்காமலும் வீணாகாமலும் பார்த்துக்கொள்வதும் அதே நன்மையின் பகுதிதான். இன்றிரவே வீட்டில் உட்கார்ந்து, எந்தெந்த ஆப்புக்கு, யார் பெயரில், மாதம் எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கும் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை அதன்பின் குடும்பமாகப் பேசி முடிவெடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.